தப்பான பாஸ்வேர்டு

"நான் தப்பா அடிக்கல, டுவைட். சத்தியமா அடிக்கல."

நர்ஸ் ஆர்லீன் மூன்றாவது நாளாக, கம்ப்யூட்டர் பிரிவு இருக்கும் அடித்தளத்துக்கு இறங்கி வந்திருந்தாள். மருந்து அலமாரி இன்றைக்கும் அவளைத் திறக்க விடவில்லை. வலியில் முனகிக்கொண்டிருந்த நோயாளிக்கு வேறொருத்தி வந்துதான் மருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் மெயிலுக்கும் கதவுக்கும் மருந்துக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. எதைத் திறக்கப் போனாலும், அது டுவைட்டின் பொறுப்பில் இருக்கும் ஒரு சர்வரைத்தான் கேட்கும். ஐந்து முறை தப்பாக வந்தால் அது எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சாத்திவிடும். ஆள் யார், நிலைமை என்ன என்றெல்லாம் பார்க்காது.

"துக்கத்துல கை தடுமாறுதாம், டைரக்டர் சொல்றாங்க. இன்னொரு தடவை பூட்டினா ரெண்டு மாசம் லீவாம்." அவள் அவன் மேசை ஓரத்தில் சாய்ந்தாள். "அந்த வீட்டுல தனியா என்னால உக்கார முடியாதுப்பா."

டுவைட்டுக்குப் பாவமாக இருந்தது. டுலூத் ஊரில் அந்த விஷயம் தெரியாதவர்கள் இல்லை. மார்ச்சில் அவள் மகன் ஜோயல் அம்மாவோடு சண்டை போட்டு, தன் ஃபோனைச் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினான். மறுநாள் அவன் கார் மட்டும் ஏரிக்கரையில் நின்றது.

பனி உருகியதும் படகு விட்டுத் தேடினார்கள், கிடைக்கவில்லை. போன வாரம்தான் சர்ச்சில் உடல் இல்லாமலே இரங்கல் பிரார்த்தனை நடந்தது. டுவைட்டும் துக்கத்துக்கு எல்லோரும் சமைத்துவரும் உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் ஒரு தட்டு கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பியிருந்தான்.

"இருங்க, யார் அடிச்சாங்கன்னு பாத்துடுவோம்." அவன் திரையில் தேடினான். "அட! நீங்க இல்ல. உங்க ஃபோன்தான் பண்ணியிருக்கு."

"என் ஃபோன் இதோ கையில இருக்கே."

"இது இல்ல, பழசு. ஏப்ரல்ல பாஸ்வேர்டு மாத்தினீங்கல்ல? அந்த ஃபோன்ல முந்தின பாஸ்வேர்டுதான் இருக்கு. யாராவது ஆன் பண்ணி வைஃபை கிடைச்சாப் போதும், 'மெயில் குடு, மெயில் குடு'ன்னு அதையே போட்டு அரிக்கும். இங்க பாதிப் பேருக்கு இந்தக் கூத்துதான்."

அவனுக்கு நிம்மதியில் சிரிப்பே வந்துவிட்டது. "டைரக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன், லீவெல்லாம் வேணாம். வீட்டுக்குப் போய் அந்த ஃபோனை அணைச்சுப் போட்டுடுங்க, போதும்."

ஆர்லீன் நகரவில்லை.

"கடைசியா எப்ப கேட்டுச்சு?"

"இன்னிக்குக் காலையில. ஏன்?"

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"அன்னிக்குப் பாட்டு கேக்க அதைத்தான் ஜோயல் கோட்டுப் பையில போட்டுட்டுப் போனான், டுவைட்."