தூங்க அனுமதி உண்டு

“எங்க அப்பா பேர் எழுதின சுவருக்குக் கீழ பசங்க குறட்டை விடுறாங்களாமே! இது நூலகமா, சத்திரமா?”

கைத்தடியை ஊன்றியபடி பள்ளி நூலகத்தின் வாசலில் நின்றார் பெரியவர். அந்த அறையும் அதிலிருந்த புத்தகங்களும் அவருடைய தந்தை கொடுத்தவை. அதை மூடிவிட்டு உடற்பயிற்சிக் கூடம் ஆக்கலாமா என்று பள்ளி நிர்வாகம் கேட்டிருந்தது. அவர் தலையசைத்தால் போதும். அசைத்துவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தார்.

“உண்மைதாங்க ஐயா, தூங்குறாங்க,” என்றார் நூலகரான இளம்பெண். “ஒரே ஒரு பாடவேளை உட்கார்ந்து பாருங்க. அப்புறம் மூடுறதுன்னா மூடிடுங்க.”

“உட்கார நான் வரல. நின்னே பார்க்கிறேன்.”

மதிய மணி அடித்தது. பத்தாம் வகுப்பு தள்ளுமுள்ளோடு உள்ளே வந்தது. யாரோ திரைச்சீலைகளை இழுத்துவிட்டார்கள். பச்சைத் துணியின் நிறம் வெளிச்சத்தில் கரைந்து, அறை குளத்தின் அடிப்பகுதி போல ஆனது. மேசைகள்மீது தலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

பழுப்பு உறை போட்ட ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டு நூலகர் தாழ்ந்த குரலில் தொடங்கினார்.

ஊர் உறங்கியதும் வீடுகள் மெல்ல நகர்ந்து இடம் மாறிவிடும் ஓர் ஊர். அங்கே வீட்டுக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுப்பவன் ஒருவன். விடிந்ததும் நேற்றுப் பார்த்த வீடுகளைத் தேடி அலைவான். பாலம் ஒருநாள் காணாமல் போனது. தெருக்கள் தூக்கத்தில் புரண்டு படுத்தன...

பெரியவர் எப்போது நாற்காலியில் உட்கார்ந்தார் என்பது அவருக்கே தெரியவில்லை.

“இன்னைக்கும் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினான். கதவு மெதுவா திறந்தது.” நூலகர் புத்தகத்தை மூடினார். “மணி அடிக்கப் போகுது.”

“ஐயோ மிஸ்! மூணு நாளா அந்தக் கதவு திறந்துக்கிட்டே இருக்கு!”

“டேய் நெட்டை, கதையில எந்த இடத்துல நான் தூங்கினேன்?”

“பாலம் காணாமப் போச்சே, அங்க. மேசையைத் துடை, எச்சில்!”

“எந்தப் புத்தகம்னாவது சொல்லுங்க மிஸ்!”

“கண்டுபிடிக்கிறது உங்க பாடு.”

பிள்ளைகள் அலமாரிகள்மீது பாய்ந்தார்கள். “இந்த வரிசை முழுக்கப் படிச்சிட்டேன், இதுல இல்ல. நீ அந்தப் பக்கம் பாரு,” என்று ஒரு குரல். “இதுவும் இல்ல. ஆனா இது அதைவிட நல்லா இருக்கு,” என்று இன்னொன்று.

கண்ணாடி போட்ட ஒரு பெண் பெரியவரிடம் வந்தாள். “ஐயா, எல்லாம் உங்க வீட்டுப் புத்தகம்தானே? நீங்க இந்தக் கதையைப் படிச்சிருக்கீங்களா?”

அறை அடங்கியது. எல்லாக் கண்களும் அவர்மீது. அவர் தலைக்கு மேலே சுவரில் தந்தையின் பெயர்.

“படிக்காம? எங்க வீட்டுல புத்தகம் தொடாத ஆளே கிடையாது. இதை ரெண்டு தரம் படிச்சிருக்கேன்.”

நூலகர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

“அப்போ கதவைத் திறந்தது யாருங்க ஐயா?”

பெரியவர் முதுகை நிமிர்த்தினார். சுழலும் மின்விசிறியைச் சற்று நேரம் பார்த்தார்.

“ஆளு யாரும் திறக்கல. அலை வந்து திறந்துச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் வீடே கிடையாது. கடல்.”

“கடலா! அப்புறம்?”

“அத்தனையும் நானே சொல்லிட்டா நீ எதுக்குப் படிக்கிற? போ, தேடு.”

அலமாரிப் பக்கம் மறுபடி ஓட்டம். இருந்த சத்தத்தில் மணி அடித்ததே கேட்கவில்லை.

பெரியவர் கைத்தடியை எடுத்துக்கொண்டார். “அறை இப்படியே இருக்கட்டும்மா. உடற்பயிற்சிக்கு வேற இடம் பார்க்கச் சொல்றேன். எங்க அப்பா பேருக்குக் கீழ தூங்கினா தூங்கிட்டுப் போகட்டும்.”

“ரொம்ப நன்றிங்க ஐயா,” என்று நூலகர் கைகூப்பினார்.

தலை நிமிர்ந்து நடந்து போனார் அவர். பிள்ளைகளும் கைநிறையப் புத்தகங்களோடு கிளம்பிப் போனதும், நூலகர் கதவைச் சாத்தி அதன்மீது சாய்ந்துகொண்டார்.

“கடல்... அப்பாடா!”

அந்தக் கதவுக்குப் பின்னால் எதை வைப்பதென்று தெரியாமல் மூன்று நாளாகத் திண்டாடியவர் அவர்தான். பெரியவர் ரெண்டு தரம் படித்திருந்த அந்தக் கதை, எந்தப் புத்தகத்திலும் கிடையாது.