ஆயிரம் மெர்லின்கள்

மருத்துவமனைச் செயலி ஆயிரம் பேரைத் தாங்குமா என்று சோதிக்க, சக ஊழியர் மெர்லினின் கைபேசியில் தகவல் பூட்டைத் திறக்கும் மின்சான்றிதழை ஏற்றினான் இளங்குமரன். அவள் செயலியில் தட்டுவதெல்லாம், வழக்கமாகப் பூட்டிப் போகும் தகவல்கூட, இப்போது அவன் திரையில் திறந்தே பதிவானது.

'அவசரத்துக்கு யாரை அழைக்கலாம்?' என்ற கட்டத்தில் மெர்லின் நின்றாள். கணவன் பெயரை அடித்தாள். அழித்தாள். அலுவலக எண்ணைப் போட்டாள்.

"நடுவுல நின்னத வெட்டிரட்டுமா?" என்றான், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"வேணாம். ஆளுங்க அங்க நிக்கத்தான செய்வாங்க."

அந்தப் பதிவையே ஆயிரம் பேராக ஓடவிட்டான். ஆயிரம் மெர்லின்களும் உள்ளே நுழைந்தார்கள், அதே கட்டத்தில் நின்றார்கள், அதே பெயரை அடித்தார்கள். எல்லோரும் ஒன்றாக அழித்தபோது சர்வர் படுத்துவிட்டது.

மெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ ஓட்டு" என்றாள்.