முதுகெலும்பை ஒட்டி

கழுத்து திருகிய சேவலை மாமனார் பீலோவின் காலடியில் வீசினான் பன்யோங். மறு கையில் கரும்பு வெட்டுகிற கத்தி. வாயில் தென்னங்கள்ளின் நாற்றம்.

அவன் பின்னால் செல்யா நின்றாள். அவன் பெண்டாட்டி, பீலோவின் மகள். உதடு ஏற்கெனவே கிழிந்திருந்தது.

வழக்கமாக அப்பா முறை வைத்து 'தாத்தாய்' என்று கூப்பிடுகிறவன் இன்று முறையை விட்டுவிட்டான்.

"கிழவா, அறு. உள்ள விதை இருந்தா உன் விரல வெட்டுவேன். இல்லேன்னா இவ."

ஞாயிற்றுக்கிழமை களத்தில் இறங்க வேண்டிய அவனுடைய சண்டைச் சேவல் காலையில் மண்டை பிளந்து கிடந்தது. இப்போது கழுத்து திருகிக் கிடக்கிற இந்தக் காயடித்த சேவல்தான் கொத்திக் கொன்றது, கண்ணால் பார்த்தேன் என்றாள் செல்யா. குஞ்சுகளோடு படுத்துக் கிடக்கிற ஜீவன் எங்கேயடி கொல்லும், நீ வேலிக் கதவைத் திறந்து போட்டு வெளிச் சேவல் புகுந்திருக்கிறது என்றான் அவன்.

காயடித்துக் கொடுத்தவர் பீலோ. திருவிழாவுக்குக் கொழுக்கிற சேவலெல்லாம் அந்த வட்டாரத்தில் அவர் கை பட்டதுதான். விரல் போனால் சோறு போச்சு.

குந்தி உட்கார்ந்து கொண்டையைக் கட்டைவிரலால் தேய்த்தார். ஒழுங்காகக் காயடித்திருந்தால் கொண்டை வெளுத்திருக்க வேண்டும். ரத்தம் போனது. சிவப்பு போகவில்லை.

கொண்டை தெரியாதபடி சேவலின் தலையைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டார். மருமகனை அவர் என்றைக்கும் நம்பியதில்லை. யாரைத்தான் நம்பினார்.

ஆடு மாடு போலச் சேவலுக்கு விதை வெளியே தொங்காது. வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்தின் தலைமாட்டில் பக்கத்துக்கு ஒன்றாகப் பதுங்கிக் கிடக்கும். அதிலிருந்து ரத்தத்தில் ஊறுகிறதுதான் கொண்டையைச் சிவக்க வைக்கும், கூவ வைக்கும், கொல்ல வைக்கும். பிய்க்கும்போது ஒரு துணுக்கு தங்கினால் போதும். வளர்ந்துவிடும்.

இடுப்பிலிருந்த தன் சின்னக் கத்தியை எடுத்து விலா இடுக்கில் இறக்கினார். எலும்பு முறிந்தது. குடலை வழித்து மண்ணில் எறிந்துவிட்டு விரலை உள்ளே விட்டார்.

வலப்பக்கம் சுத்தம்.

இடப்பக்கம், பயறு அளவில் வழுவழுவென்று ஒன்று.

இரண்டு கையும் வேண்டுமென்றால் கத்தியைப் பல்லில் கடித்துக்கொள்வது அவர் பழக்கம். ஊரே பார்த்த பழக்கம். அப்படியே கடித்துக்கொண்டார். பிறகு விலாவைப் பிளந்து காட்டினார். ரத்தம் வழிகிற உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

பன்யோங் குனிந்து பார்த்தான். விரல் விட்டுத் துழாவினான். ஒன்றுமில்லை.

திரும்பிய வேகத்தில் கரும்புக் கத்தியின் பிடியால் செல்யாவின் முகத்தில் இடித்தான். மூக்கு உடைந்த சத்தம், சேவலின் விலா முறிந்த சத்தம் மாதிரியே இருந்தது. விழுந்தவளை மிதித்தான். மறுபடியும் மிதித்தான்.

பீலோ கத்தியைப் பல்லிலிருந்து எடுத்தார். விடுடா என்று வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. நாக்குக்கு அடியில் அந்தப் பயறு வெதுவெதுப்பாக உருண்டுகொண்டிருந்தது.

செல்யா மண்ணிலிருந்து தலையைத் தூக்கினாள். புருஷனைப் பார்க்கவில்லை. அப்பாவின் வாயையே பார்த்தாள். சின்ன வயதில் அவருக்குச் சேவல் காலைப் பிடித்துக் கொடுத்தவள். கத்தியை எடுத்தவுடன் எச்சில் துப்புகிறவர் அவர். இன்று துப்பவில்லை.

"ஆமா," என்றாள். "கதவ நான்தான் தொறந்து போட்டேன்."

பீலோ விழுங்கினார்.