கேள்விக்குறிக்குப் பின்னால்

பிரௌசரின் முகவரிப் பட்டையில் கை வைத்தவன் எவனும் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. லாஜிக் இதைச் சொன்னபோது ஆபீஸில் காலை டீ கூட வந்திருக்கவில்லை. இவ்வளவு பெரிய உண்மைகளை அவன் வெறும் வயிற்றில்தான் சொல்வான்.

வீட்டில் வைத்த பேர் வேறு. வெப்சைட்களைப் பராமரிக்கும் இந்தக் கம்பெனியில் சேர்ந்த புதிதில், மெஷின் பொய் சொல்லாது, மனிதன்தான் சொல்வான் என்று முதலாளிக்கே வகுப்பெடுத்து வாங்கிய பட்டம் இது.

"வந்ததே லேட்டு. இதுல உபதேசம் வேறயா?" என்றாள் பக்கத்து நாற்காலி டிசைனர் அக்கா.

"அப்பாவை வேலைக்கு இறக்கிவிட்டுட்டு வரணும்ல அக்கா? ஆபீஸ் வாசல் வரைக்கும் விடறேன்னா கேக்கவே மாட்டேங்கறார். தெருமுனையிலயே இறங்கிக்கறார்."

"பின்ன? புது உத்தியோகம். உன் ஓட்டை ஸ்கூட்டர்ல போய் இறங்கினா அவர் மரியாதை என்னத்துக்கு ஆகறது?"

நியாயம்தான். ஸ்கூட்டர் அப்படி. இரண்டு வருடம் வேலையில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அப்பா, போன மாதம்தான் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்திருந்தார். அம்மா மறுபடி சமையலறையில் பாட்டு முணுமுணுக்கிறாள்.

அன்றைய தலைவலி, கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஓர் ஏஜென்சியின் வெப்சைட். முந்தைய நாள் ஒருவர் பையும் கையுமாக ஒரு கம்பெனி வாசலில் நின்று, "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்ற பக்கத்தைப் போனில் காட்டியிருக்கிறார். அவர் தேர்வாகவே இல்லை. மதியத்துக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஏஜென்சி குதித்தது.

தளத்தை முதலில் கட்டிய ஆசாமியைப் போனில் பிடித்தான் லாஜிக். அவர் நிதானமாக, "என் மெஷின்ல கரெக்டாத்தானே வருது?" என்றார்.

"கையாலாகாதவங்களோட தேசிய கீதம் அக்கா இது," என்று போனை வைத்தான்.

அரை மணி நேரத்தில் ஓட்டை பிடிபட்டது. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் விண்ணப்ப எண், அதற்கடுத்து 'நிலை' என்று ஒரு சொல், அதற்கு ஓர் இலக்கம். பூஜ்யம் என்றால் சிவப்புப் பக்கம், வருந்துகிறோம். ஒன்று என்றால் பச்சைப் பக்கம், வாழ்த்துகள்.

"அந்த இலக்கத்தை யார் வேணா மாத்தலாம். பூஜ்யத்தை அழிச்சிட்டு ஒண்ணு போட்டா போதும். சைட்டு எதையும் சரிபார்க்காம, போட்டதை அப்படியே நம்பிடுது. நம்ம முதலாளி மாதிரி."

பிறகு, தளத்துக்கு யார் எப்போது வந்துபோனார்கள் என்ற பதிவைத் திறந்தவன், விசில் அடித்தான்.

"இங்க பாருங்க ஒரு கூத்தை. 4771-ஆம் நம்பர். இதுவும் தேர்வாகாத ஆளுதான். தினமும் மத்தியானம் வந்து, பூஜ்யத்தை ஒண்ணாக்கி, பச்சைப் பக்கத்தைப் பார்த்துட்டுப் போகுது."

"பார்த்துட்டு?"

"பார்த்துட்டு ஒண்ணுமில்ல. பார்க்குது. அவ்ளோதான்."

"சாப்பாட்டு நேரம்ல? தொட்டுக்க வச்சிருக்காரோ என்னமோ," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. "பேரைத்தான் பாரேன்."

"பேர் எதுக்கு? கூப்பிட்டு ஆறுதல் சொல்லவா? தனக்குத்தானே நாமம் போட்டுக்கறவனுக்கு நெத்தி யாரோடதா இருந்தா நமக்கென்ன?"

"பாவம்டா. யாருக்கும் தொந்தரவில்லாமதான பார்த்துட்டுப் போறார்?"

"இனிமே பார்க்க முடியாது. கேள்விக்குறிக்குப் பின்னாடி எவன் எதை எழுதினாலும் சரி, ஏஜென்சி கணக்குல என்ன இருக்கோ அதுதான் வரும்." பொத்தானை அழுத்தினான். மாற்றம் தளத்தில் ஏறியது. முதலாளி வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மதியம், டப்பாவைத் திறக்கும்போது போன் அடித்தது. அப்பா.

"சாப்பிட்டியாப்பா? ஒரு சின்ன சந்தேகம். எனக்கில்ல. இங்க என்கூட வேலை பாக்கறவர் ஒருத்தர் கேக்கறார்."

"சொல்லுங்கப்பா."

"அவர் வேலைக்குத் தேர்வான பக்கம் ஒண்ணு இருக்கு. நேத்து வரைக்கும் பச்சையா வந்துச்சாம். இன்னிக்கு என்ன பண்ணாலும் சிவப்பாவே வருதாம். போன் கோளாறா இருக்குமா?"

அப்பாவின் குரலுக்குப் பின்னால் ஊஞ்சல் சங்கிலி ஒன்று கிறீச்சிட்டது. ஏதோ ஒரு குழந்தை, இன்னும் வேகமாத் தள்ளு என்று யாரையோ அதட்டியது.

லாஜிக் டப்பாவை மூடினான். "அவர் நம்பர் என்னப்பா?"

"நாலு ஏழு ஏழு ஒண்ணு." யாரிடமும் கேட்காமல், எதையும் பார்க்காமல், மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

அக்கா எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். லாஜிக் திரையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, முகவரிப் பட்டையில் கை வைத்தான். பூஜ்யத்தை அழித்தான். ஒன்று போட்டான்.

சிவப்பு.

மறுபடி அழித்தான். மறுபடி ஒன்று போட்டான். காலையில் அவன் எழுதியது, அவனைப் போலவே கறாராக இருந்தது. சிவப்பு.

"என்னப்பா, இருக்கியா?" என்றார் அப்பா. "அங்கயும் அப்படித்தான் வருதா?"

"இல்லப்பா. என் மெஷின்ல பச்சையாத்தான் வருது."