போர்டைக் கழற்றியவள்

கதவில் போர்டைக் காணோம். ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும்தான் இருந்தன.

சுரேந்தருக்கு ஆத்திரம் பொங்கியது. ஓசூரில் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி அவன். திருநங்கை ஜெயப்ரியா வேலைக்குச் சேர்ந்ததும், பெங்களூர் ஹெட் ஆபீஸோடு மல்லுக்கட்டி அவளுக்காகக் கட்ட வைத்த கழிப்பறை அது. 'திருநங்கையர் கழிப்பறை' என்று தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுத வைத்து, பக்கத்தில் நின்று மாட்ட வைத்த போர்டு.

மத்தியானம் பெங்களூர்க்காரர்கள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

"எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் வேலை. கேமராவைப் போடுங்க முனிவேல்."

செக்யூரிட்டி முனிவேல் பதிவை ஓட்டினார். திரையில் வந்தது 'எவனோ' இல்லை. நீலக் கோட்டு போட்ட ஒரு பெண். ஸ்க்ரூடிரைவரால் போர்டைக் கழற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிதானமாக நடந்து போனாள்.

"சார், நம்ம ருக்மணியம்மா!"

பக்கத்திலுள்ள பேரிகை ஊரிலிருந்து வரும் லைன் லீடர். ஜெயப்ரியா அவள் லைனில்தான் வேலை செய்கிறாள். சுரேந்தருக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. "எந்திரிச்சு வெளிய போடி முதல்ல!" என்று நேற்று ஜெயப்ரியாவைப் பார்த்து ருக்மணி கத்தியது அவன் காதிலேயே விழுந்திருந்தது.

கூப்பிட்டு அனுப்பினான்.

"போர்டைக் கழட்டினது நீங்களா?"

"ஆமா சார்."

"கூசாம சொல்றீங்க?"

"நான்தான கழட்டினேன். வேற யார் பேரைச் சொல்றது?"

"ஏம்மா, அவங்களும் மனுஷங்கதான? அவங்களுக்குன்னு ஒரு வசதி செஞ்சு குடுத்தா உங்களுக்கு எங்க வலிக்குது?"

ருக்மணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முனிவேல் நிற்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"காரணம் இருக்கு சார். ஆனா அதை நான் சொல்லக் கூடாது."

"அப்ப சாயங்காலம் வந்து சஸ்பென்ஷன் ஆர்டரை வாங்கிக்கோங்க."

"சரி சார். அதுவரைக்கும் லைனைப் பாக்கறேன். ஆள் இல்லாம நின்னு கிடக்கும்."

போய்விட்டாள்.

என்ன நெஞ்சழுத்தம்! சுரேந்தர் முனிவேலையும் அனுப்பிவிட்டு, ஆறுதல் சொல்வதற்காக ஜெயப்ரியாவை வரச் சொன்னான்.

"கவலைப்படாதீங்க ஜெயப்ரியா. புதுசா போர்டு சொல்லிட்டேன், முன்னதைவிடப் பெருசா. ருக்மணியை சஸ்பெண்ட் பண்றேன்."

"ஐயோ, அக்காவையா? வேணாம் சார்!"

"பயப்படாதீங்க. நான் இருக்கேன்."

"பயம் இல்ல சார்…" ஜெயப்ரியா கோட்டுப் பட்டனைத் திருகிக்கொண்டே நின்றாள். "அந்த போர்டு மாட்டினதுலருந்து நான் ஷிப்ட்ல தண்ணியே குடிக்கறதில்ல."

"ஏன்?"

"குடிச்சா அங்க போகணுமே."

"சுத்தமா இல்லையா?"

"பளபளன்னு இருக்கு சார். ஆனா லாரி நிக்கற இடத்துக்கு நேர் எதிர்ல இருக்கு. நான் அந்தப் பக்கம் திரும்பினாலே, லோடு ஏத்தறவங்க போர்டைப் பாத்துட்டு என்னைப் பாக்கறாங்க. ஒருத்தர் போன்ல படமே எடுத்தார். அதுக்கு முன்னாடி அவங்களுக்கு நான் வெறும் ஜெயப்ரியாதான். இப்ப கம்பெனியே எழுதி மாட்டிடுச்சு."

சுரேந்தர் ஜன்னல் வழியாக லாரிகள் நிற்கும் பக்கம் பார்த்தான்.

"நேத்து லைன்லயே தலை சுத்தி உக்காந்துட்டேன். மெஷின் பக்கத்துல. அக்காதான் கத்தி எழுப்பி, வெளிய காத்தாடக் கூட்டிட்டுப் போனாங்க. நீர்க்கடுப்புன்னு அவங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். யாருக்கும் தெரிய வேணாம்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எவ்ளோ ஆசையா கட்டினீங்க. வேணாம்னு எப்படி சார் சொல்றது?"

"இல்ல… லேடீஸ் பாத்ரூம்ல உங்களை விட்டா, மத்த பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்களேன்னுதான்…"

"யாரு சார் அப்படிச் சொன்னது?"

யோசித்துப் பார்த்தான். யாரும் சொல்லவில்லை. அவன் யாரையும் கேட்கவும் இல்லை. அந்தப் பெண்களையும் கேட்கவில்லை, எதிரில் நிற்கிறவளையும் கேட்கவில்லை.

மெதுவாகப் போனை எடுத்தான்.

"அந்தப் புது போர்டு இன்னும் எழுதலையே? நல்லதாப் போச்சு. வெறும் 'கழிப்பறை'ன்னு போடுங்க. ஆமா, அவ்ளோதான். லாரி டிரைவருங்களுக்கும் ஆகும்."

டீ நேரத்து மணி அடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ருக்மணி தலையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் நஞ்சம்மா, அருணா என்று அந்த லைன் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

சுரேந்தர் எழுந்தான். "ருக்மணி, அந்த சஸ்பென்ஷன்…"

"அதைச் சாயங்காலம் பேசிக்கலாம் சார்" என்றவள், ஜெயப்ரியா பக்கம் திரும்பினாள்.

"ஏய் ஜெயா, இங்க என்னடி பண்ற? எல்லாரும் பாத்ரூம் போறோம், சீக்கிரம் வா. அடுத்த லைன்காரிங்க பூந்துட்டாங்கன்னா அப்புறம் கண்ணாடி நமக்குக் கிடைக்காது!"