சிவப்புக் கோடு

“அலுமினியமா, மரமா? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு சொல்லிரு பாண்டி. செக்ரெட்டரி போன் மேல போன் போடுறாரு” என்றார் கருத்தக்கண்ணன்.

அலங்காநல்லூர் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த அந்த ரைபிள் கிளப்பின் துப்பாக்கிகளுக்கெல்லாம் அவர்தான் காவல்காரர், வைத்தியர், தாய்மாமன் எல்லாம். மேசையில் அழகுபாண்டியின் துப்பாக்கி கிடந்தது. குழலைத் தாங்கியிருந்தது பழைய மரக்கட்டை. பக்கத்திலேயே பாயில் இருந்தது, அந்தக் கட்டைக்குப் பதிலாகச் சென்னையிலிருந்து வரவழைத்த கறுப்பு அலுமினியச் சட்டம். சேசிஸ் என்று அதற்குப் பெயர்.

“லாரிக்குத்தானண்ணே சேசிஸ்?”

“நக்கலை அப்புறம் வச்சுக்க. படுத்துப் பாரு. பாக்குறதுக்குன்னே வேறொரு குழலை மாட்டி வச்சிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டு கன்னத்தை வையி. பெறகு தொற.”

அழகுபாண்டி குப்புறப் படுத்துக் கண்ணை மூடித் திறந்தான். முந்நூறு மீட்டர் தள்ளியிருந்த இலக்கு தொலைநோக்கியின் நட்டநடுவில் நின்றது. கழுத்தை ஒரு இம்மிகூட அசைக்க வேண்டியிருக்கவில்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

“எப்படி?”

“நல்லாத்தான் இருக்கு.”

“பெறகென்ன? மரம் மழைக்காத்து பட்டா ஊதிக்குது. போன வாரம் மேகம் மூடுன அன்னைக்கு உன் குண்டு ஒரு சாண் தள்ளிப் போச்சு. ஆவணியில மாநிலப் போட்டி. இதோட போனா மெடலோட வருவ. மரத்தோட போனா, போயிட்டு வரலாம், அம்புட்டுத்தான்.”

“இதைப் பூட்டிட்டா துப்பாக்கியை வேற யாரும் சுட முடியாதுல்ல?”

“உன் அளவுக்கு முறுக்கி, உன் பேருக்கே ஒதுக்கிருவாங்க. அப்புறம் எவன் தொடுவான்?”

அழகுபாண்டி எழுந்து மரக்கட்டையிடம் வந்தான்.

அதில் கன்னம் வைக்கும் பலகை மட்டும் தனியாக ஏறி இறங்கும். அதைத் தாங்கும் கம்பியில் இரண்டு கோடுகள் இருந்தன. மேலே நீலக் கோடு, அவன் பேனாவால் போட்டது. கீழே சிவப்புக் கோடு, அவன் மனைவி சத்யப்ரியா நெயில் பாலிஷால் இழுத்தது. “உன் பணியாரக் கன்னத்துக்கு இம்புட்டு எறக்கணுமா?” என்று அவன் கேலி செய்ததற்கு அன்றைக்கு முதுகில் ஒன்று வாங்கியிருந்தான்.

இருவருக்கும் சேர்த்துக் கிளப் கொடுத்தது இந்த ஒரே துப்பாக்கிதான். போன வருடப் போட்டியில் இருவருக்கும் ஒரே நேரத்தில் சுற்று விழுந்தது. “அடுத்த வருஷம் நீ சுடு” என்று சொல்லிவிட்டு அவன் எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது அவள் செல்லூரில் அம்மா வீட்டில் இருந்தாள். சமாதானம் பேசப் போனவனுக்குக் காபி கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

இருவரும் நேருக்கு நேர் பார்க்க வேண்டாமென்று காலையை அவனுக்கும் மாலையை அவளுக்கும் பிரித்துக் கொடுத்தார் செக்ரெட்டரி. அன்றிலிருந்து காலையில் வந்ததும் அவன் கண் போவது அந்தப் பலகைக்குத்தான். இறங்கியிருந்தால் அவள் வந்துபோனாள் என்று அர்த்தம். அதைத் தன் கோட்டுக்கு ஏற்றிக் கன்னத்தை வைக்கும்போது, அவள் கன்னம் பட்ட இடமாயிற்றே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கல்யாணமாகி ஆறு வருடம் ஆனவன் செய்கிற காரியமா இது? ஆனாலும் ஏங்கினான். வெட்கமில்லாமல் ஏங்கினான்.

இன்றும் பலகை சிவப்புக் கோட்டில் இம்மி பிசகாமல் நின்றது. அழகுபாண்டி அதை மெல்லத் தடவினான்.

“மரமே இருக்கட்டும்ணே.”

கருத்தக்கண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் பாண்டி. கோவிச்சுக்காத. பிரியா இப்ப இங்க வர்றதில்ல. சித்திரைத் திருவிழா முடிஞ்ச கையோட கோயம்புத்தூருக்கு மாத்தல் வாங்கிக்கிட்டுப் போயிருச்சு. சொல்ல வேணாம்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு.”

அழகுபாண்டி தலை நிமிரவில்லை.

“அது போன மறுநாள் பலகை எறங்காம மேலயே இருந்துச்சு. நீ வந்து பாத்த. ஒரு குண்டுகூட சுடல. அப்படியே திரும்பிப் போயிட்ட. எனக்கு மனசு கேக்கல. அன்னையிலருந்து சாயங்காலமானா நான்தான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தச் சிவப்புக் கோடு வரைக்கும் எறக்கி வைக்கிறேன். உனக்கு நல்லது செய்றதா நெனச்சேன். இப்ப அதுவே உன் போட்டியைக் கெடுக்குது. அந்தப் புள்ள வராது. அலுமினியத்தைப் பூட்டிருவமாப்பா?”

அடிவாரத்துக் காற்று ஜன்னலை ஒருமுறை அடித்துத் திறந்தது. அழகுபாண்டி பலகையை நிதானமாகத் தன் நீலக் கோட்டுக்கு ஏற்றித் திருகை முறுக்கினான்.

“தெரியும்ணே.”

“என்னப்பா தெரியும்?”

“கோடு போட்டது அவதான். ஆனா அந்தக் கோட்டுல அவ ஒருநாளும் நிறுத்துனதில்ல. ஒரு நூல் அளவு கீழ எறக்கித்தான் வைப்பா. திருவிழாவுக்குப் பெறகு பலகை கோட்டுலயே நிக்குது.”

அழகுபாண்டி மரக்கட்டைத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய், திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:

“சாயங்காலம் எறக்கும்போது, ஒரு நூல் சேத்து எறக்கி வச்சுருங்கண்ணே.”