பின்பக்க ஃபேன்

தப்பு தன்னுடையதுதான் என்று ஜான்சனுக்குத் தெரிந்துபோனது. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றியவன், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பின்பக்க ஃபேன் திரும்பியிருந்தது. முன்னால் உள்ள இரண்டும் வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்னால் உள்ளது சூட்டை வெளியே தள்ள வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே கற்றுக்கொண்ட சங்கதி இது. இங்கே மூன்றும் உள்ளேயே ஊதிக்கொண்டிருந்தன. இப்படி இருந்தால் எந்தக் கம்ப்யூட்டர்தான் அணையாது?

போன வாரம் இவற்றை மாட்டியது அவனேதான். பழைய சின்ன ஃபேனில் பட்டுப் பஞ்சு அடைத்துக்கொண்டு சத்தம் மட்டும்தான் வந்தது, காற்று வரவில்லை. பெரிய ஃபேனாகப் பார்த்து வாங்கிவந்து, காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி பார்த்துத்தான் மாட்டியதாக ஞாபகம். ஆனால் அவன் ஞாபகத்தை அவனே நம்புவதில்லை. வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு வண்டியில் வந்து, நாலு இடம் ஏறி இறங்கிவிட்டுக் கடைசியாக இங்கே வந்த நாள் அது. வண்டிச் சாவியையே வண்டியில் விட்டுவிட்டுத் தேடியிருக்கிறான்.

கோதண்டபாணியின் தறிக்கூடத்தில் நாலு தறி. ஓரமாக ஒரு மேஜை, அதன் மேல் இந்தக் கம்ப்யூட்டர். சேலைக்கான கரையையும் முந்தியையும் டிசைன் போடும் கலையரசி இதில் வரைந்து கொடுத்த பிறகுதான் தறியில் வேலை தொடங்கும். காற்றடித்தால் பாவில் இழை பறந்து சிக்கிக்கொள்ளும் என்று கூடத்தில் மின்விசிறி கிடையாது. சித்திரை வெயிலில் ஐந்து பேர் வேர்த்துக் கொட்ட, அங்கே ஓடிய மூன்று ஃபேனும் கம்ப்யூட்டருக்குத்தான்.

ஒரு வாரமாக அடிக்கடி தானாக அணைகிறது என்றுதான் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அரை மணிக்கு முன் அவன் கண்ணெதிரிலேயே அது அணைந்தது. சூடு ஆறக் கால் மணி நேரம் ஆகும் என்று கோதண்டபாணி சலித்துக்கொண்டார். கலையரசி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள். முதலாளி கோதண்டபாணி, ஜான்சனிடம் அதிகம் பேசவில்லை.

"இன்னிக்கு சரியாவலன்னா மெட்ராஸ்லேர்ந்து ஆள் வரவழைச்சிக்கிறேம்பா. ஒன் மேல கோவம் இல்ல. எனக்கு வேலை ஆவணும்."

கோவம் இல்லாத பேச்சுக்குத்தான் ஜான்சன் அதிகம் பயப்படுவான். இந்த இடம் போனால் இவருடைய தம்பி கடையும் மச்சான் ஆபீசும் சேர்ந்து போகும். மொத்தம் ஒன்பது கம்ப்யூட்டர், அவன் பிழைப்பில் பாதி.

முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்த கலையரசி, திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்ததும் நின்றாள். போன வாரம் அவன் ஃபேன் மாட்டும்போது டார்ச் பிடித்தவள் அவள்தான். அந்த அம்புக்குறி எதற்கு என்று கேட்டாள், இவனும் பொறுமையாகச் சொன்னான். இப்போது அவளுக்கே பார்த்ததும் புரிந்திருக்கும் என்று ஜான்சனுக்குக் கூச்சமாக இருந்தது.

குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நாந்தாம்மா மாத்தி மாட்டிட்டேன் போல இருக்குது. மொதலாளி கிட்ட சொல்லிடாத."

அவள் முகம் சிறுத்துப்போனது. நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபமாக்கும் என்று அவன் நினைத்தான். கோபம் இருக்காதா? இவன் செய்த கோளாறால் ஒரு வாரமாக அவளுக்கும் அல்லவா வேலை பாதியில் நின்றிருக்கிறது. மனசு கேட்காமல், மன்னித்துக்கொள் என்று இன்னொரு தடவை சொன்னான்.

அவள் தறிகளின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இழை அறுந்து, தறிக்காரர் பரசுராமன் தறியை நிறுத்தினார். இழையை முடிந்தார், கையை உதறினார், வாசல் வரை போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். இழை அறுந்தால் எழுந்திருப்பது தறிக்காரர் வழக்கம், அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜான்சன் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி ஃபேனைத் திருப்பினான். அம்புக்குறி வெளியே பார்க்கிறதா என்று மூன்று தடவை விரல் வைத்துப் பார்த்துவிட்டு முடுக்கினான். ஒரு மணி நேரம் ஓட்டியும் கம்ப்யூட்டர் அணையவில்லை. பின்பக்கம் கையை வைத்தால் அனல் ஒழுங்காக வெளியே வந்தது.

கோதண்டபாணி வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தம்பி கடையிலும் இதே மாதிரி மாட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டு மேஜைப் பக்கம் திரும்பினார்.

"சூடே இல்ல. இனிமே நிக்காதும்மா. தறி காத்துக்கினு இருக்குது, ஒக்காந்த எடத்துலியே முடிச்சிடு."

அவர் உள்ளே போனதும் ஜான்சனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேஜைக்கு அடியில் குனிந்து சாமான்களைப் பையில் போட ஆரம்பித்தான். மேலே கலையரசியின் கை மவுசை விட்டு நகரவில்லை, கண்ணும் திரையை விட்டு நகரவில்லை. அவனுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்.

"பின்னாடி ஃபேன நான் வச்ச மாதிரியே திருப்பி வச்சிட்டுப் போங்கண்ணா, இது நின்னாத்தான் நான் எழுந்துக்க முடியும்."